பன்னீர் ரோஜா அடியிலிருந்து தளிர்த்தது: வித்தியாசம் தண்ணீரில்தான்

சிங்கப்பூரில் என் வீட்டுக் காரிடார் பன்னீர் ரோஜா அடித்தண்டிலிருந்து தடித்த தளிர்களை விட்டிருக்கிறது, செம்பு நிறத்தில். கவாத்துக்குப் பிறகு நுனியில் வரும் ஒல்லிக் குச்சிகள் இல்லை, செடியையே தாங்கப்போகும் கிளைகள். அதே மண், அதே ஆட்டெரு போட்ட பக்கத்துத் தொட்டி இன்னும் அசையவில்லை. இரண்டுக்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியா உரங்களைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். கரைத்த தண்ணீர் மட்டும் வேறு.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று ஊரில் சொல்வார்கள். குளோரினுக்கு அது சரி. சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோராமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த இது, கடைசி வீட்டுக் குழாய் வரைக்கும் கிருமியைக் கொல்லும் சக்தியோடு நிற்பதற்காகவே சேர்க்கப்படுகிறது. ராத்திரி முழுக்க வைத்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். தினமும் ஊற்றும் தண்ணீருக்குப் பயமில்லை, மண்ணில் உள்ள மக்கிய பொருளில் பட்டதும் அடங்கிவிடும். ஆனால் பாக்டீரியாவை வெறும் தண்ணீரில் கரைத்து, வெல்லமும் போட்டு ஊறவைக்கிறோமே, அங்கேதான் அடி விழுகிறது.

இப்போது தளிர்த்த தொட்டிக்கு, குளோராமினை முறிக்க வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்து ஒரு பக்கெட்டுக்கு ஒரு சிட்டிகை போடுகிறேன். வெள்ளை மாத்திரைதான், நுரைக்கிற ஆரஞ்சு மாத்திரை வேண்டாம். நன்றாகக் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்ட பிறகுதான் பாக்டீரியா. வெயில் தாழ்ந்ததும் ஊற்றிவிடுவேன். வளர்ப்பு மீன் கடையில் விற்கும் ஆன்டி குளோரினும் உதவும். அதில் மிஞ்சும் அம்மோனியா மீனுக்குத்தான் ஆகாது, செடிக்கு அது தீனி. மழைத் தண்ணீர் இன்னும் உசத்தி, ஆனால் டெங்கி ஊரில் வாளியில் பிடித்து வைக்க எனக்கு மனசு வராது.

எரு விஷயத்தில் ஒரு வார்த்தை. கோழி எரு உருண்டை எந்த நர்சரியிலும் கிடைக்கும், ஆனால் சூடு அதிகம், நனைந்தால் காரிடாரே நாறும். அதனால் ஆட்டெரு கண்ணில் பட்டால் கூடவே இன்னொரு பையும் வாங்கிவிடுகிறேன். 15-15-15 ரசாயன உரத்தைப் பாக்டீரியா ஊற்றும் சமயத்தில் தொடுவதே இல்லை. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்தால் அசோஸ்பைரில்லம் காற்றிலிருந்து பிடித்துத் தருவதை நிறுத்திவிடும்.

இந்தச் சனிக்கிழமை பக்கத்துத் தொட்டிக்கும் வைட்டமின் சி தண்ணீர்தான். அதுவும் தளிர்த்தால்தான் உறுதியாகச் சொல்வேன்.

அப்புறம் வேரோடு சேர்ந்து வாழ்ந்து செடிக்கு உதவும் வேர்ப்பூஞ்சை (மைக்கோரைசா) வாங்கும் எண்ணம் இருக்கிறது. அதற்காக எலும்புத்தூளை இப்போதே குறைத்துவிட்டேன். அதிலுள்ள பாஸ்பரஸ் மிதமிஞ்சினால் வேர் அந்தப் பூஞ்சையைச் சேர்த்துக்கொள்ளாது.