உப்புக்காற்றுக்குத் தாங்கும் போட்டோ பேப்பர்

போட்டோ பேப்பர் வாங்கப் போனால் முதல் கேள்வியே ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) எவ்வளவு என்பதுதான். 180-ஐவிட 270 அதிக நாள் வரும் என்று ஒரு நினைப்பு. அது வெறும் எடைக் கணக்கு. பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வெயிலைவிட ஈரம்தான் படத்துக்கு முதல் எதிரி. அதனால் அடித்தாள் எது, மேல்பூச்சு எது என்று பார்க்க வேண்டும்.

மலிவு 'ஹை கிளாஸி' பெரும்பாலும் காஸ்ட் கோட்டட், அதாவது காகிதத்தின் மேலேயே பளபளப்புப் பூச்சு ஏற்றியது. மூலையைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். அட்டை மாதிரி பஞ்சு பஞ்சாகப் பிரிந்தால் அதேதான். முதுகுப்பக்கம் வெறும் காகிதம். ஈரத்தைக் குடித்துச் சுருளும், டை இங்க் (கரையும் சாய மை) கசிந்து படத்திலுள்ள முகத்தின் ஓரம் மங்கும். ஆர்.சி. (ரெசின் கோட்டட்) பேப்பருக்கு இருபுறமும் பாலிஎத்திலீன் தோல் உண்டு. கிழித்தால் மெல்லிய பிளாஸ்டிக் ஓரம் இழுபட்டு நிற்கும்.

ஆர்.சி.யிலும் மைக்ரோபோரஸ் (நுண்துளைப் பூச்சு) வகையை எடுங்கள். ஊதி மையை வாங்கும் ஸ்வெல்லபிள் பூச்சு ஐப்பசி அடைமழையில் பிசுபிசுத்துப் பக்கத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். மைக்ரோபோரஸுக்கும் ஒரு குறை உண்டு: நுண்துளை வழியே ஓசோன் புகுந்து டை மையை வெளுத்துவிடும். திறந்தபடி சுவரில் ஒட்டாமல் கண்ணாடி போட்டே மாட்டுங்கள். பிக்மென்ட் இங்க் (கரையாத நிறத்துகள் மை) இருந்தால் இந்தக் கவலை பெருமளவு குறையும்.

அமிலமில்லாத 100 சதவீதப் பருத்திப் பேப்பர் உசத்திதான். ஆனால் கடலோரச் சுவருக்கு வேண்டாம். அலையலையாக நெளியும், பூஞ்சையும் பிடிக்கும். பெட்டிக்குள் பத்திரப்படுத்தும் குடும்பப் படங்களுக்கு அது சரி, அதுவும் பிக்மென்ட் மையில். கள்ளநோட்டுப் பார்க்கும் யூ.வி. டார்ச்சைப் பேப்பர்மேல் அடியுங்கள்: பளீரென்று நீலமாக மின்னினால் வெளுப்பூட்டி கலந்திருக்கிறது. அது நாளடைவில் செயலிழக்கும்போது வெள்ளை பழுப்பாகும்.

பல இங்க் டேங்க் பிரிண்டர்களில் கருப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்றும் டை. பேப்பர் வகையை 'பிளெயின்' என்றே விட்டு கிளாஸியில் அடித்தால் அந்தக் கருப்பு உள்ளே இறங்காது. விரல் பட்டாலே படத்திலுள்ள தலைமுடிக் கருப்பு கன்னத்தில் ஈஷிக்கொள்ளும். பேப்பரைக் குறை சொல்லுமுன் செட்டிங்கைப் பாருங்கள்.

அடித்ததும் ஃபிரேமில் போடாதீர்கள். மேலே சாதாரணத் தாள் வைத்து 24 மணி நேரம் காயவிடுங்கள். இல்லையென்றால் மையிலிருந்து எழும் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் பனியாகப் படியும். படமும் கண்ணாடியும் தொடக்கூடாது. நடுவே 2 மி.மீ. மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வரும் அட்டைச் சட்டம்) போதும். கடல் பார்த்த சுவரைத் தவிர்த்துவிடுங்கள். ஃபிரேமின் முதுகில் படியும் உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஆல்பத்துக்கு பி.வி.சி. உறை வேண்டாம், பாலிபுரொப்பிலீன் கேளுங்கள். பிரித்த பேப்பர் பாக்கெட்டை ஜிப் கவரில் போட்டு, இறுக்கமான டப்பாவில் ஈரம் உறிஞ்சும் ஆரஞ்சு நிறச் சிலிகா ஜெல் மணிகளோடு படுக்கைவாட்டில் வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் நிரம்பிவிட்டது. 110 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும்.