ஹால் சுவருக்காக ஒரு தனுஷ்கோடிப் பயணம்

ஊருக்குத் திரும்பி இரண்டு நாள்தான் ஆகிறது, கேமரா பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. ஹாலில் சோபாவுக்கு மேலே மூன்றடி அகலத்துக்குக் காலியாகக் கிடந்த சுவருக்கு, கடையில் விற்கும் மாலத்தீவுப் படத்தை வாங்க மனசு வரவில்லை. நம் கடல் இருக்க எவன் கடலோ எதற்கு என்று ராமேஸ்வரத்துக்கு ரயில் ஏறினேன்.

முதல் கோட்டை விட்டது சூரிய உதயத்தில். ஜூலையில் தனுஷ்கோடியில் ஆறு மணிக்கே விடிந்துவிடும். ஆனால் அங்கே போகிற வழி செக்போஸ்ட்டில் ஆறு மணிக்கு முன் வண்டியை விடமாட்டார்கள். இதை முந்தின நாள் ராத்திரியே சொல்லித் தொலைக்காத ஆட்டோக்காரர், போக வர 900 ரூபாய் என்று பேசிவிட்டு, ரோடு முடிகிற அரிச்சல்முனையில் வைத்து, "வெயிட்டிங் தனி சார்" என்றார். சண்டை போட்டு 1,100-இல் முடிந்தது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல லென்ஸ் ஃபில்டர் வாடகைக்கு எடுத்திருக்கலாம். உதயம் வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் பொறுத்திருந்து பஸ்ஸில் போங்கள், சில்லறைக் காசுதான்.

ஆனால் அந்த ரோடு! வலப்பக்கம் மன்னார் வளைகுடா கொந்தளிக்கிறது, அது ஆண் கடல். இடப்பக்கம் பாக் நீரிணை தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது, அது பெண் கடல். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் ஆட்டம் அப்படியே மாறிவிடுமாம். ஆண் கடல் பக்கம் நின்றால் இரண்டே நிமிடத்தில் லென்ஸ் மேல் உப்புப் பூத்துவிடுகிறது. டிரைபாடை ஊன்றினால் அலை காலடி மணலை உருவி, மூன்று காலும் மூன்று பக்கம் இறங்குகிறது. அங்கே எடுத்த நாற்பது படத்திலும் தொடுவானம் சாய்ந்திருக்கிறது.

பழைய ஊரில் மாதாகோயில் இடிபாட்டை நிதானமாக எடுத்தேன். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த சுவர். கிட்டப் போய்ப் பார்த்தால் பவளக்கல், தேன்கூடு மாதிரி பொடிப்பொடி ஓட்டை, ஒவ்வொன்றிலும் மணல். அன்றைய படங்களில் அதுதான் உச்சம். போனில் அம்மாவுக்கு அனுப்பினேன். "டேய், இடிஞ்ச கோயிலையா நடு ஹால்ல மாட்டப்போற? அத்தனை பேரு செத்த இடம்டா" என்றார். கோபம் வந்தது. யோசித்தால் அம்மா சொன்னது சரி. அதற்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு டிவி பார்க்க என்னாலும் முடியாது.

பசியில் ஒரு ஓலைக் கொட்டகையில் நுழைந்தேன். கண்ணெதிரே மசாலா தடவிக் கல்லில் போட்ட மீன், ஓரமெல்லாம் மொறுமொறு, உள்ளே வெண்ணெய். விலையைக் கேட்காமல் இரண்டாவதும் வாங்கினேன். பட்ஜெட் அங்கேயே செத்தது. கை கழுவ வெளியே வந்தபோதுதான் பெண் கடலில் ஒற்றைப் படகைப் பார்த்தேன். கடலும் வானமும் ஒரே வெளிர்சாம்பல். இடது ஓரத்தில் படகு, மீதி முழுக்க வெறுமை. எண்ணெய்க் கையோடு எடுத்த அந்தப் படம்தான் சுவருக்குப் போனது.

பிரிண்ட் போடுகிறவர்களுக்கு ஒன்று: 24 மெகாபிக்சல் படம் 6000 பிக்சல் அகலம். 36 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 167 பிக்சல், ஹாலில் நாலடி தள்ளிப் பார்க்க அது தாராளம். ஃபைலை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும். பளபளப்புத் தாள் வேண்டவே வேண்டாம், கடலுக்கு நடுவே டியூப்லைட் தெரியும். நான் கேன்வாஸ் போட்டேன். மரச்சட்டத்தைச் சுற்றி மடிக்க நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் போகும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது ஹாலில் பாதிப் படகுதான் மிதக்கிறது. மீதி மூக்கு சட்டத்தின் பக்கவாட்டில் மடங்கிக் கிடக்கிறது, சமையல்கட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் தெரியும்.