மூன்று மேட்டிலும் ஒரு விளக்கு

பெரிய மாமா போன மாசியில் கண்ணை மூடுமுன் அம்மாவிடம் ஒன்றுதான் கேட்டார். "அப்பாட மேட்டுல ஒரு விளக்கு வைச்சிட்டு, மறுகா மாமாங்கத்துல முழுகு." மறுகா என்றால் பிறகு. வவுனியாவில் நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தும் அவர் வாயை விட்டுப் போகாத மட்டக்களப்புச் சொல். மாமாங்கம் என்றது மட்டக்களப்பு அமிர்தகழியில் இருக்கும் மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளம்.

ஆடி அமாவாசைக்கு முதல்நாள் விடியப்புறம் வாடகை வானில் வெளிக்கிட்டோம். ஹபரணையில் சின்னவன் சத்தி எடுத்தான், பொலன்னறுவையில் தேத்தண்ணி குடித்தோம், அவ்வளவுதான். காத்தான்குடியில் வீதி நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களைக் கண்டு பிள்ளைகள் கத்தினார்கள். ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலத்தில் ஏறியதும் அதுவரை தூங்கி வந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "பாதை எங்க மனே?" என்று கேட்டார். ஆளையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்பார்கள். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் அதுதான் ஓடியது. அம்மா அதில் கடைசியாக ஏறியது 1978 சூறாவளி வீட்டைக் கொண்டு போன பிறகு, பன்னிரண்டு வயதில்.

அம்மப்பாவைப் புதைத்தது அதற்கு முந்திய வருஷம். எங்கள் ஆட்களிடம் புதைப்பதுதான் வழக்கம். கல் கட்டுவதெல்லாம் வசதியுள்ளவர்கள் வேலை. மாமா சொன்ன ஒரே அடையாளம், "சவக்காலையில பெரிய வேம்புக்குக் கிழக்கால." போய்ப் பார்த்தால் வேம்பே இல்லை. சூறாவளி அடித்த அந்த நவம்பர் 23 இரவு ஊரில் நின்ற மரம் எத்தனை என்று அம்மாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், அது எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. வெயிலில் ஒரு மணித்தியாலம் முள்ளுக்குள் அலைந்தோம். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "இடம் காட்டுறன், ரெண்டாயிரம் தாங்க" என்றார். யாருடைய மேடு என்று அவர் கேட்கவேயில்லை!

"கொக்கட்டிச்சோலைக்கு விடு" என்றார் அம்மா.

அங்குள்ள தான்தோன்றீஸ்வரர் சிவன் கோயிலுக்கு மத்தியானப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். திரை விலகி, தீபம் காட்டும்போது தான்தோன்றியப்பரைப் பார்த்தேன். பிறகு அம்மாவைப் பார்த்தேன். எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கி நிற்க, அம்மா மட்டும் கையைத் தொங்கப் போட்டபடி, ஊரில் ஒருவரிடம் நியாயம் கேட்பதுபோல, "என்ர அப்பாவ எங்க வைச்சிருக்காய்?" என்றார். சத்தமாகவே கேட்டுவிட்டார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, தொண்டை அடைத்தும் போனது. போர்த்துக்கேயப் பரங்கியன் முன்னால் கல் நந்தியைப் புல் தின்ன வைத்ததாக ஊர் சொல்லும் அப்பனுக்கு ஒரு மண்மேட்டைக் காட்டித் தருவதா பெரிய காரியம்?

நந்தியடியில் இருந்த ஒரு ஆச்சி அம்மாவைக் கூப்பிட்டார். "ஆருட மகள்கா நீ? தாய் என்ன குடி?"

குடி என்றால் தாய்வழியாக வரும் வம்சப் பெயர். அம்மா அதைச் சொன்னார். வவுனியாவில் எந்தப் படிவத்திலும் எழுதாத, எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாத பெயர். ஆச்சி கொஞ்ச நேரம் விரலில் எதையோ எண்ணினார். "அப்ப நீ விசகடி வைத்தியர்ட கடைக்குட்டியெல்லோ!"

அப்பனே, நான் வேறு என்ன சொல்ல!

ஆச்சியை வானில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். "இதால கிறுகு, அதால கிறுகு" என்று வழி சொல்லியே வந்தார். வேம்பின் அடிக்கட்டை நின்ற இடம் அவருக்குத் தெரியும். அதற்குக் கிழக்கே மேடு மூன்று, எல்லாம் கரைந்து ஒரு சாணுக்கு மேல் இல்லை. "இந்த மூண்டுல ஒண்டுகா. எது எண்டு பொய் சொல்ல மாட்டன்." அம்மா மூன்றிலும் விளக்கு வைத்தார். மற்ற இருவரும் யாரோ, அவர்களுக்கும் ஒருத்தர் வைக்க வேண்டாமா என்றார். காற்றுக்கு விளக்கு அணைய அணையப் பிள்ளைகள் கொளுத்திக்கொண்டே இருந்தார்கள்.

காசு நீட்டியதற்கு ஆச்சி வாங்கவில்லை. "இடுப்பு ஏலா மனே, மாமாங்கம் போய்க் கன காலம். ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டு தா."

மறுநாள் அமிர்தகழியில் கால் வைக்க இடமில்லை. வானை நிறுத்த ஒரு வளவில் கேட்ட காசுக்கு ஒரு நேரச் சாப்பாடே முடிந்திருக்கும். குளத்தடியில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருவர் வந்து, "தர்ப்பணமா, எத்தனை பேருக்கு?" என்று கையைப் பிடித்தார். அம்மா ஒன்றையும் கவனிக்கவில்லை. தகப்பன் பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து, மாமாவுக்காகவும் ஒரு தடவை முழுகி, ஈரச் சேலையோடு போத்தலை நிரப்பினார்.

வவுனியா ஒரு பக்கம், கொக்கட்டிச்சோலை மறுபக்கம். ட்ரைவர் முகத்தைச் சுளித்தார். சரி, வாடகையைக் கூட்டித் தருகிறோம் என்று பாலத்துக்கே திருப்பினோம். போத்தலை அம்மா மடியை விட்டு இறக்கவில்லை.