தண்டையார்பேட்டையில் ஏசி மெக்கானிக் தேடுகிறவர்கள்

வடசென்னையில் ஏசிக்கு ஆயுசு குறைவு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் மொட்டை மாடியில் வைத்த அவுட்டோர் யூனிட்டை உப்புக்காற்று அரித்துவிடும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் முதலில் அலுமினியம்தான் போகும். விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதனால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அந்த வேலை எங்கள் கடையைத் தேடி எப்படி வந்து சேரும் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

கடை தண்டையார்பேட்டையில். அண்ணன் மெக்கானிக், கூட இரண்டு பையன்கள். போன், பில், உதிரிபாகம் எல்லாம் என் பொறுப்பு. முன்பெல்லாம் ஹார்ட்வேர் கடைக்காரரும் எலக்ட்ரிக்கல் கடைக்காரரும் எங்கள் நம்பரைக் கொடுப்பார்கள், அதுவே போதுமாக இருந்தது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. அதற்கப்புறம் வாடகைக்கு வந்த பலருக்கு அந்த ஹார்ட்வேர் கடைக்காரரைத் தெரியாது. ஏசி நின்றால் போனைத்தான் எடுக்கிறார்கள்.

அதனால் கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடையைக் காட்டும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இருந்து தொடங்கினோம். காசு கிடையாது. போர்டில் என்ன பெயர் இருக்கிறதோ அதையேதான் போட வேண்டும். "பேரோட 'பெஸ்ட் ஏசி சர்வீஸ் சென்னை'னு சேத்துடுங்கக்கா, மேல வந்துடும்" என்று ஒருவர் ஆலோசனை சொன்னார். அது கூகுள் விதிக்கு மாறானது, புரொஃபைலையே முடக்கிவிடலாம். வேண்டாம் என்றேன். சரிபார்ப்புக்கு வீடியோ கேட்டது. வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெருப் பெயர்ப்பலகையில் தொடங்கி, கடை போர்டு, அண்ணன் சாவி போட்டு ஷட்டரைத் தூக்குவது, உள்ளே கேஸ் சிலிண்டர், வேக்கம் பம்ப், கேஜ் என்று எடுத்து அனுப்பினேன். கடை இருக்கிறதா, நடத்துவது நாங்கள்தானா என்பதற்கு அதுதான் சாட்சி.

சேவைப் பகுதி என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம். இருபது பகுதி வரைக்கும் போடலாம். "மெட்ராஸ் முழுக்கப் போடு" என்றார். அப்படிப் போட்டாலும் வேளச்சேரியில் தேடுகிறவருக்கு நாம் முன்னால் வரப்போவதில்லை. தேடியதற்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது, இந்த மூன்றையும்தான் கூகுள் பார்க்கிறது. அதைவிட, எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றால் திருவொற்றியூருக்கே பையன் எப்போது போய்ச் சேருவான் என்று சொல்ல முடியாது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் அது தனிக் கதை. சொன்ன நேரத்துக்குப் போக முடிகிற இடங்களை மட்டும் போட்டோம்: ராயபுரம், காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், திருவொற்றியூர். இன்றைக்கும் அந்தப் பட்டியலை நீட்ட எனக்கு மனமில்லை.

அதிகம் பேச வைத்தது படங்கள்தான். அரித்துப்போன காயில் (அந்தச் செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேர்ந்த பாகம்), மாற்றிய காயில், பாசி அடைத்த ட்ரெயின் பைப் (தண்ணீர் வெளியேறும் குழாய்) என்று வேலை நடந்த இடத்திலேயே பையன்கள் எடுத்தார்கள். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, வீட்டின் உட்புறம் விழாமல் எடுக்க வேண்டும் என்பது கண்டிப்பு. நெட்டில் இறக்கிய பளபளப்பான படம் ஒன்றுகூட எங்கள் பக்கத்தில் இல்லை. "நீங்க போட்டிருக்கீங்களே, அதே மாதிரிதான் எங்க வீட்டுதும் உதிருது" என்று காசிமேட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. காயில் போய்விட்டது என்று நாங்கள் புரியவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

ரிவ்யூ கேட்கப் பையன்களுக்குக் கூச்சம். அறை குளிர்ந்து வீட்டுக்காரர் முகம் மலர்கிற நேரம் பார்த்துக் கேட்கச் சொன்னேன். "வேலை புடிச்சிருந்தா கூகுள்ல ரெண்டு வரி எழுதுங்கக்கா, தமிழ்லயே எழுதலாம்." அவ்வளவுதான். ரிவ்யூவுக்குத் தள்ளுபடி கொடுக்கக் கூடாது, அதுவும் விதி. சர்வீஸ் செய்த மறுநாள் தண்ணீர் சொட்டுகிறது என்று ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டார். நாளைக் காலை வருகிறோம் என்று அதன் கீழேயே பதில் எழுதிவிட்டு, போய்ச் சரிசெய்து கொடுத்தோம். அவர் ஸ்டாரை மாற்றவில்லை. ஆனாலும் அந்தப் பதிலைப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப் பிசினஸ் எங்கள் வேலையையே எளிதாக்கியது. இந்தப் பக்கத்து ஜனம் டைப் செய்யாது, வாய்ஸ் அனுப்பும். யூனிட் போடுகிற சத்தத்தை வீடியோ எடுத்து அனுப்பும். அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். உள்ளே இருக்கும் கேஸ் ஆர்22வா, ஆர்410ஏவா, ஆர்32வா என்று அதிலேயே தெரிந்துவிடும், எந்த சிலிண்டரை வண்டியில் ஏற்றுவது என்று பையன் தடுமாற வேண்டாம். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் செய்தி நம் நம்பரை சேவ் செய்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். அதனால் பில் கொடுக்கும்போதே சேவ் செய்யச் சொல்கிறோம். கத்திரி வெயிலுக்கு முன்னால், பிப்ரவரி கடைசியில் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது கடைசியில்தான். லீட், அதாவது மெக்கானிக் தேடுகிறவர்களின் நம்பர், விற்கிற நிறுவனம் ஒன்றில் சேர்ந்திருந்தோம். ஒரே நம்பரைப் பல கடைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நாங்கள் கூப்பிடும்போது அந்த மனிதர், "இன்னும் எத்தினி பேருமா போன் பண்ணுவீங்க?" என்று எரிச்சலில் இருப்பார். விட்டுவிட்டோம். கூகுள் விளம்பரத்தில் 'வேலை', 'கோர்ஸ்', 'ஐடிஐ' என்று தேடுகிறவர்களை விலக்கி வைக்காவிட்டால் மெக்கானிக் வேலை தேடும் பிள்ளைகளின் கிளிக்குக்கும் நாம்தான் பணம் கட்டுவோம். மே மாதத்தில் விளம்பரமே வேண்டாம், வருகிற போனை எடுக்கவே ஆள் போதாது. வேலை குறையும் மாதங்களில்தான் போடுகிறோம்.

கூப்பிடும் ஒவ்வொருவரிடமும் "எங்க நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டு நோட்டில் குறிக்கிறேன். 'மேப்' என்று நிறைய வரும் என்று நினைத்தேன். பெரும்பாலும் வருவது, "பக்கத்து வீட்ல சொன்னாங்க, மேப்ல பாத்தேன், நல்லாத்தான் எழுதியிருக்காங்க" என்பதுதான். சொல்கிற வாய் இன்னும் தெருவில்தான் இருக்கிறது. சொன்னதைச் சரிபார்க்கத்தான் போன்.

இப்போது வாட்ஸ்அப் கேட்டலாக்கில், அதாவது என்னென்ன வேலை செய்கிறோம் என்று காட்டும் பட்டியலில், விலை போடும் வேலை நடக்கிறது. "நீ பாட்டுக்கு வெலைய போட்டுட்டா பக்கத்துக் கடைக்காரன் கொறைச்சுப் போட்டுருவான்" என்பது அண்ணன் கவலை. "குறைக்கட்டும்ணே, வெலையக் கேட்டுட்டு வைக்கிற போனாவது குறையும்ல" என்றேன். விசிட்டிங் சார்ஜும் வாட்டர் சர்வீஸ் விலையும் போட்டாயிற்று. கேஸ் விலையில் மட்டும் அவர் சொன்னதுதான் சரி. கேஸ் தானாகத் தீராது, குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்பினால் கொஞ்ச நாளில் அதே வீட்டிலிருந்து அதே போன் வரும். அதனால் அந்த இடத்தில் விலைக்குப் பதில், "லீக் எங்கே என்று பார்த்த பிறகே கேஸ் விலை சொல்வோம்" என்று எழுதியிருக்கிறோம். ஏன் என்று கேட்டு வருகிற போனை அண்ணனே எடுத்துப் பேசுகிறார்.