கடைக்குப் பூட்டு விழுந்த பிறகு சாமானை மீட்டது

கோர்ட் உத்தரவு நான் வாடகைக்கு வைத்திருந்த கடையின் இடத்தைத்தான் காலி செய்யச் சொன்னது. உள்ளே கிடந்த சாமானை ஓனருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. வக்கீல் இதைச் சொன்ன பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

என்னுடையது செல்போன், லேப்டாப் சர்வீஸ் கடை. கோர்ட் உத்தரவை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்த அன்று கைக்கு எட்டியதை வண்டியில் ஏற்றினோம். மீதி உள்ளேயே இருக்க, ஓனர் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார். மைக்ராஸ்கோப், சால்டரிங் செட், உதிரிபாகங்கள், கணக்கு நோட்டு, லீஸுக்கு எடுத்த பிரின்டர் எல்லாம் உள்ளே. அதைவிட, ரிப்பேருக்கு வந்த அடுத்தவர் போன்கள்.

ஓனரிடம் கேட்டால், "பாக்கி வாடகையைக் கட்டிட்டு எல்லாத்தையும் அள்ளிட்டுப் போங்க" என்றார்.

வாடகை பாக்கி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அது கடன். வசூலிக்க அதற்கென்று தனி வழி இருக்கிறது. பாக்கிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அனுமதிக்கிற இடங்களிலும் அதற்கொரு முறை உண்டு, பூட்டு போட்டால் முடிந்துவிடாது. வக்கீல் முதலில் கேட்டதே வாடகை ஒப்பந்தத்தைத்தான். 'விட்டுச் சென்ற பொருள் இத்தனை நாளுக்குப் பின் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்' என்று சில ஒப்பந்தங்களில் ஒரு வரி இருக்குமாம். எங்களுடையதில் இல்லை. ஆனாலும் தாமதிக்காதீர்கள் என்றார் வக்கீல். நாள் போகப் போக 'வேண்டாம் என்று விட்டுவிட்டார்' என்று சொல்ல எதிராளிக்கு வசதி.

வக்கீல் மூலம் ஓனருக்கு அனுப்பிய நோட்டீஸைவிட அதோடு வைத்த பட்டியல்தான் பின்னால் கைகொடுத்தது. பொருளின் பெயர், சீரியல் நம்பர், பில் நகல், பழைய போட்டோக்களில் தெரிகிற இடம் என்று வரிசையாக எழுதினோம். வாடிக்கையாளர் போன்களுக்குத் தனிப் பட்டியல். போனை ரிப்பேருக்கு வாங்கும்போது எழுதும் ஜாப் ஷீட்டின் கார்பன் நகல் வீட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று. எதையும் விற்கவோ அப்புறப்படுத்தவோ கூடாது, எடுக்க நாளும் நேரமும் சொல்லுங்கள் என்று கேட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். அந்தச் சாமான் ஓனர் கையில் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருக்கும் பொறுப்பு அவருக்கு உண்டு என்பதையும் வக்கீல் சேர்த்தார்.

ஓனர் அசைந்தது எங்கள் கடிதத்துக்கு அல்ல என்று நினைக்கிறேன். பிரின்டர் கம்பெனி தன் பொருளைக் கேட்டு நேரடியாக எழுதியது. என் பாக்கிக்கு அவர்கள் மெஷினை எப்படிப் பிடித்து வைப்பது? போன் கொடுத்தவர்கள் சிலரும் அவர் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். (நான் அனுப்பவில்லை. விலாசம் கேட்டார்கள், சொன்னேன்.)

சாமான் எடுக்கும் நாளில் இரண்டு தரப்பும் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம், வீடியோவும் எடுத்தோம். ஒரு மானிட்டரில் விரிசல். அதைத் திரும்பப் பெறும்போதே 'பழுதுடன்' என்று பட்டியலில் எழுதி அவர் கையெழுத்தையும் பக்கத்தில் வாங்கினேன். ஸ்க்ரூ போட்டு நிறுத்திய கண்ணாடி கவுன்டரைக் கழற்றிக்கொண்டேன். வியாபாரத்துக்காக வைத்ததைச் சுவர் கெடாமல் எடுக்க முடிந்தால் பொதுவாக எடுக்கலாம் என்றார் வக்கீல். ஃபால்ஸ் சீலிங்கை விட்டுவிட்டேன். கட்டடத்தோடு சேர்ந்துபோன அதற்காகச் சண்டை போடுவது வீண்.

கடைசியில் ஓனர் ஒரு தாளை நீட்டினார்: 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை.' அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் ஓனரிடம் இருக்கும் என் முன்பணமும் உடைந்த மானிட்டருக்கான இழப்பீடும் அத்தோடு போயிருக்கும். அந்த வரியை அடித்துவிட்டு, 'பட்டியலில் உள்ளவற்றைப் பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் எழுதினேன். முகம் சுளித்தார், ஆனால் வாங்கிக்கொண்டார். பாதுகாத்து வைத்த செலவு என்று ஒரு தொகை கேட்டார். நியாயமாகப் பட்ட அளவு கொடுத்து ரசீது வாங்கினேன்.

போன்கள் அந்த வாரமே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன. முன்பணத்தில் பாக்கியைக் கழிப்பது பற்றிய பேச்சு இன்னும் வக்கீல்கள் வழியாக நடக்கிறது.