சுருள்பாசித் தீவனம்: இரண்டு தொட்டிகள், எட்டு வாரங்கள்

எடைக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதில் பெருமைப்பட எதுவும் இல்லை. எட்டு வாரம் பாசி கலந்த தீவனம் தின்ற ஜிலேபி (திலாப்பியா) மீன்கள் சராசரியாக 61 கிராம்; வெறும் தீவனம் தின்றவை 58. தொட்டிக்குப் பத்து மீன்களைப் பிடித்து, துள்ளத் துள்ள நிறுத்துப் பார்த்த கணக்கு இது. மறுநாள் நிறுத்திருந்தால் அந்த மூன்று கிராம் எதிர்ப்பக்கம் போயிருக்கலாம். நான் எழுத உட்கார்ந்தது ஆறாவது வாரத்தில் நடந்த ஒன்றுக்காக.

500 லிட்டர் தொட்டிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 25 குஞ்சுகள். பாசிக்குத் தனியாக 40 லிட்டர் தொட்டி. வளர்த்தது சுருள்பாசி, அதாவது ஸ்பைருலினா. பெயரில்தான் பாசி, உண்மையில் அது ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. சோடா உப்பு கலந்து பி.எச். 10-ஐ ஒட்டி வைத்த நீரில் அது வளரும். அவ்வளவு காரத்தில் வேறு பாசிகள் எளிதில் தலைகாட்டுவதில்லை. குளோரெல்லா என்ற பச்சைப் பாசிக்கு இருப்பதுபோல் கெட்டியான செல்சுவர் இல்லாததால் மீனின் குடலில் சுலபமாகச் செரிக்கிறது. காய்ந்த தூளில் பாதிக்கு மேல் புரதம்.

அறுவடையில்தான் கை பழக வேண்டியிருந்தது. நெருக்கமான துணியில் வடித்தால் கரும்பச்சைக் களிம்பு மிஞ்சும். விரலில் தொட்டால் கண்மைபோல வழவழக்கும். முதல் தடவை சோடா வாடை போகட்டும் என்று நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசினேன். செல்கள் உடைந்து, பாத்திரத்தில் நீல மை கொட்டியதுபோல் ஆகிவிட்டது. அந்த நீலம்தான் பைகோசயனின், அதாவது நான் மீனுக்குக் கொடுக்க நினைத்த பொருள்களில் ஒன்று. அதைச் சாக்கடைக்குக் கொடுத்தேன். இரண்டாம் தடவை அடுப்பருகே காயவைத்ததில் சூடு ஏறிப் பழுப்படித்துப்போனது. பிறகு மெல்லிய இழைகளாகப் பிழிந்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தினேன். அப்போதுதான் நிறம் நின்றது.

அடுத்த தவறு பேராசை. தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பாசித்தூள் போட்டேன். மீன்கள் உருண்டையை வாயில் வாங்கின, இரண்டு நொடி மென்றன, துப்பின. துப்பியது அடியில் கரைந்து, நான்காம் நாள் நீரில் அமோனியா ஏறி, சோதனைக் குழாயும் பச்சையாகிவிட்டது. சுவையை விடுங்கள், மீன்தூளை அகற்றி அந்த இடத்தில் சுருள்பாசியை அள்ளிப்போடுவது கணக்கிலேயே இடிக்கும். அதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் மீன்தூளில் உள்ளதைவிடக் குறைவு. டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பும் இல்லையென்றே சொல்லலாம். அதற்குச் சால்மன் தீவனத்தில் சேர்க்கும் சைசோகைட்ரியம் போன்ற வேறு நுண்ணுயிரிதான் வழி. எனவே 5 சதவீதத்துக்கு இறங்கினேன். அப்போதைய மீன் எடைக்கு அது நாளொன்றுக்கு ஒன்றரை கிராம் தூள்.

இன்னொன்றையும் திருத்த வேண்டியிருந்தது. பாசி சேர்க்கக் கடைத் தீவனத்தை அரைத்து, மாவுக் கூழில் பிசைந்து, ஊசியில்லாத சிரிஞ்சால் பிழிந்தேன். அந்தத் தீவனம் மூழ்கியது. அடுத்த தொட்டிக்குப் போட்ட கடைத் தீவனமோ மிதந்தது. இப்படி இருந்தால் எதை எதனோடு ஒப்பிடுவது? பாசியில்லாத் தீவனத்தையும் அதேபோல் அரைத்துப் பிழிந்து, முதல் நாளிலிருந்து மறுபடி தொடங்கினேன். மேலே சொன்ன எட்டு வாரம் அதற்குப் பிறகானது.

ஆறாவது வாரம் எடை பார்க்க வலை போட்டேன். முடிச்சு வைத்த பழைய வலை. அதைத் தொட்டிருக்கவே கூடாது. இரண்டு தொட்டியிலும் பல மீன்களுக்குச் செதில் உதிர்ந்து, விலாவில் கோழை வழித்தெடுத்ததுபோல் வெளுத்தது. நான்கு நாளில் பாசியில்லாத் தொட்டியில் ஐந்து மீன்களின் காயத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் பூஞ்சை. பாசித் தொட்டியில் ஒன்றுக்கு மட்டும். மற்றவற்றின் காயத்தில் சாம்பல் நிறத்தில் புதுத் தோல் மூடத் தொடங்கியிருந்தது. லிட்டருக்கு 3 கிராம் உப்பு இரண்டு தொட்டிக்கும் போட்டேன். இறந்தது ஒன்று, பாசியில்லாத் தொட்டியில்.

திலாப்பியாவுக்குச் சிறிதளவு சுருள்பாசி கொடுத்த ஆய்வுகளில் வெள்ளணுக்களும், கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைமும் கூடியதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மீன் தானே உண்டாக்க முடியாத கரோட்டினாய்டு நிறமிகளும் இதில் நிறைய. ஆகவே இப்படி நடந்திருக்கலாம் என்று எண்ண இடம் உண்டு. ஆனால் அந்த வாரம் வெப்பமானியை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன். பாசியில்லாத் தொட்டி சுவர் நிழலில் நிற்கிறது. அதன் நீர் காலையில் 2 டிகிரி குளிர்ச்சி. இந்தப் பூஞ்சைக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும். ஐந்துக்கு ஒன்று என்ற என் கணக்கில் பாசிக்கு எவ்வளவு, சுவருக்கு எவ்வளவு?

அதனால் தீவனத்தை மாற்றிவிட்டேன். நிழல் தொட்டிக்கு இனிப் பாசி, வெயில் தொட்டிக்கு வெறும் தீவனம். வலையையும் முடிச்சில்லாததாக வாங்கிவிட்டேன், ஆகவே இந்த முறை காயம் குறையும், சோதனையும் கொஞ்சம் பலவீனமாகும். வேண்டுமென்று மீனைக் கீறிப் பார்க்க எனக்கு மனமில்லை. இன்று காலை நிழல் தொட்டியில் முதல் பச்சை உருண்டைகளைப் போட்டேன். பெரிய மீன் ஒன்று வாங்கியது, துப்பியது, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி எடுத்துக்கொண்டது.