மல்லாட்டை இலையிலிருந்து ஆர்என்ஏ: எங்கே கெடுகிறது?

தண்ணீர் இல்லாதபோது மல்லாட்டைச் செடி எந்த மரபணுவைக் கூடுதலாக இயக்குகிறது என்று பார்க்க க்யூபிசிஆர் (இலையின் ஆர்என்ஏவை, அதாவது இயங்கும் மரபணு எடுக்கும் நகலை, அளக்கும் சோதனை) போதும். மெஷின் ஓடுவது ஒன்றரை மணி நேரம்தான். முடிவு கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே, அணைக்கட்டுப் பக்கத்துக் கொல்லையிலேயே.

பாய்ச்சல் பாத்தியில் (தண்ணீர் விட்டது) காலை 7 மணிக்கும் காய்ச்சல் பாத்தியில் (காயவிட்டது) 11 மணிக்கும் இலை பறித்தால், வேலூர் வெயிலும் செடியின் உள்கடிகாரமும் செய்த மாற்றத்தை வறட்சியின் கணக்கில் எழுதிவிடுவோம். அதனால் இரண்டிலும் மாற்றி மாற்றிப் பறித்து அரை மணிக்குள் முடிக்கிறோம். எல்லாச் செடியிலும் நுனியிலிருந்து மூன்றாவது இலை. பறித்ததும் ஃபாயிலில் சுற்றித் திரவ நைட்ரஜனில் போட வேண்டும் (மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் வைத்திருக்கும் அதே கேன்தான்). ஐஸ் பெட்டி உதவாது. பறித்த இலைக்கு இன்னும் உயிர் இருக்கிறது. காயத்துக்கும் குளிருக்கும் பதில் சொல்லும் மரபணுக்கள் கிளம்பிவிடும்.

கல்வத்தையும் குழவியையும் நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைத்த பிறகே 100 மி.கி. இலையை அரைக்கிறோம். தூள் வெளிர்பச்சையாக, மைதா மாதிரி பறக்க வேண்டும். ஓரத்தில் கரும்பச்சையாக ஈரம் தட்டினால் உருகிவிட்டது என்று அர்த்தம். அதைக் கொட்டிவிடுவதே மேல்.

ஆர்என்ஏ பிரிக்கப் பலரும் எடுக்கும் ட்ரைசால் கரைசல் இந்த இலைக்குச் சரிப்படவில்லை. பீனாலும் பிசினும் கூடவே இறங்கி, அடியில் பழுப்பு ஜெல்லி நிற்கும்; சுத்தத்தைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 1-ஐத் தொடாது. 65 டிகிரியில் சுடவைத்த சிடிஏபி கரைசல் நல்லது: 2% சிடிஏபி (சோப்பு மாதிரி), 2% பிவிபி (பீனாலைப் பிடித்துக்கொள்ளும்), 2 மோலார் உப்பு, கடைசி நேரத்தில் 2% மெர்காப்டோஎத்தனால். குளோரோஃபார்மில் இரண்டு முறை கழுவி, லித்தியம் குளோரைடை 2 மோலார் வரும்படி சேர்த்து இரவு முழுக்க 4 டிகிரியில் விட்டால் ஆர்என்ஏ படியும். டிஎன்ஏ ஓரளவு ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டும் டிஎன்ஏஸ் நொதி கட்டாயம். ஆர்என்ஏ உடையாமல் இருக்கிறதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்கும்போது இரண்டு பட்டைக்கு மேல் தெரிந்தால் பதற வேண்டாம். இலையில் பசுங்கணிகத்தின் ஆர்என்ஏவும் இருக்கும்.

1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவை 20 மைக்ரோலிட்டரில் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஆக்குகிறோம். அந்த நகலை எடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி போடாத குழாய் ஒன்றும் கூடவே ஓடும். அதிலும் சிக்னல் சீக்கிரம் வந்தால் டிஎன்ஏஸ் வேலை செய்யவில்லை.

அதிகம் ஏமாற்றுவது ஒப்பீட்டு மரபணு, அதாவது மாறாது என்று நம்பி அளவுகோலாக வைக்கும் மரபணு. வறட்சியில் கிளம்பும் என்சிஇடி மரபணுவின் சிடி (சிக்னல் தெரியவரும் சுழற்சி எண்; குறைந்தால் ஆர்என்ஏ அதிகம்) பாய்ச்சலில் 27.5, காய்ச்சலில் 24.5, ஒப்பீட்டு மரபணு இரண்டிலும் 20 என்றால் வித்தியாசம் 3 சுழற்சி, அதாவது 8 மடங்கு. அந்த ஒப்பீட்டு மரபணுவே வறட்சியில் பாதியாகக் குறைந்து 21-இல் வந்தால், அதே இலை 16 மடங்கு என்று காட்டும். வழக்கமான ஒப்பீட்டு மரபணுவான ஆக்டின் ஒன்றை மட்டும் நம்பி எழுதிய எண்ணை நாங்கள் ஏற்பதில்லை. மூன்று நான்கு மரபணுக்களை இதே இலைகளில் ஓட்டி, ஆடாத இரண்டின் சராசரியை எடுக்கிறோம். ஒரே இலையின் மூன்று குழாய்கள் மூன்று செடிகள் ஆகாது; பாத்திக்குக் குறைந்தது நாலு செடி தனித்தனியாக.